கல்லைக் கழுவினேன், சீட்டைத் தொலைத்தேன்: ஓர் அகேட் கல்லை விற்கப் புறப்பட்ட பதினான்கு மாதங்கள்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, பெரியம்மா என்னை உள்ளறைக்கு அழைத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியைக் காட்டினார். "இத நீயே எடுத்துட்டுப் போம்மா, இந்தக் கல்லையெல்லாம் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்" என்றார். பெரியப்பா முப்பத்தோரு ஆண்டுகள் மகாராஷ்டிரத்தில், புசாவலில், ரயில்வேயில் வேலை பார்த்தவர். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்காகச் சுற்றுவட்டாரக் குவாரிகளுக்கு அடிக்கடி போய்வந்த அவர், பாறை உடைக்கும்போது விழும் விசித்திரமான கற்களைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பொருட்டாக யாரும் எண்ணியதில்லை. பெட்டியில் உருளைக்கிழங்கு போன்ற பதினோரு முண்டுக் கற்களும், பாதியாக வெட்டி மெருகேற்றிய ஒரு கல்லும், நீல நிறத்தில் ஒரு மெல்லிய வில்லையும், பச்சையும் பழுப்புமாக வரியோடிய ஒரு சாம்பல் கிண்ணமும் இருந்தன. மெருகேற்றிய பாதிக் கல்லைக் கையில் எடுத்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்று வந்தது. வெளியே கரடுமுரடான பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை, சாம்பல், செங்கல் சிவப்பு என்று கோட்டை மதில்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிச் செல்லும் நூற்றுக்கணக்கான வரிகள்.

நான் செய்த மிகப் பெரிய தவறு அன்று மாலையே நிகழ்ந்தது. அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும்விட அதுவே இன்றும் மனத்தை அறுக்கிறது. ஒவ்வொரு கல்லும் பழைய மராத்திச் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. உள்ளே பென்சிலால் எழுதிய சிறு சீட்டு ஒன்றும் இருந்தது. தூசியும் பூச்சி அரித்த காகிதமுமாக இருந்ததால், திருச்சியில் என் வீட்டுப் பின்கட்டில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, சோப்புத் தூள் கரைத்துத் தேய்த்துக் கழுவினேன். காகிதங்கள் கூழாகிச் சாக்கடையில் போயின. ஒரு சீட்டில் மட்டும் "ஜல்காவ்" என்ற ஊர்ப் பெயரைப் படித்த நினைவு இருக்கிறது. அது எந்தக் கல்லுக்கு உரியது என்று இன்று சொல்ல எனக்கு வழியில்லை. சேகரிப்பாளர்கள் அகேட் எனப்படும் இந்த வரிக் கற்களை வாங்கும்போது கல்லோடு சேர்த்து ஊரையும் வாங்குகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் கிடைக்கும் லகூனா அகேட் என்றால் அதற்கென்று ஒரு விலை. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப் பகுதியில் பனியாறுகள் அள்ளிவந்து பரப்பிய சிவப்பு அகேட்டை மின்னசோட்டா 1969இல் தன் மாநில ரத்தினமாகவே அறிவித்திருக்கிறது. அதே அளவு அழகான கல்லாக இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது மேசை அலங்காரப் பொருளின் விலைக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வீட்டுப் பெரியவர் விட்டுச்சென்ற கற்கள் யாருக்காவது கிடைத்தால், தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன்பு, சீட்டு, சுற்றிய தாள், பெட்டி மீதுள்ள எழுத்து என எல்லாவற்றையும் படம் எடுத்து, கல்லுக்கும் சீட்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்த வாரம் மெருகேற்றிய கல்லை எடுத்துக்கொண்டு ராசிக்கல் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கண்ணாடியைக்கூட எடுக்காமல் "இது கோமேதக வகை" என்றார். இரண்டாவது கடையில் "சுலைமானி" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், "மேடம், இது ராசிக்கு ஆகாது, ஆனா வெளிநாட்டுல லட்சக்கணக்குல போகும்" என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தார். நவரத்தின வரிசையில் நாம் கோமேதகம் என்று அணிவது ஹெசொனைட் என்னும் கார்னெட் வகை. அது முற்றிலும் வேறு கனிமம். சுலைமானி என்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை வரிகள் உடைய அகேட்டுக்கு வழங்கும் வணிகப் பெயர். அகேட்டை வடக்கே ஹக்கீக் அல்லது அகீக் என்பார்கள். ராசிக்கல் கடைக்காரர் மோதிரத்தில் பதிக்கும் கல்லைப் பார்த்தே பழகியவர். தோலோடு கூடிய, அரைக் கிலோவுக்கும் மேலான கல்லுக்கு அவரிடம் சந்தையும் இல்லை, அளவுகோலும் இல்லை. அவர்களில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. தவறான வாசலில் போய் நின்றவள் நான்தான்.

கல் என்ன என்பதை வீட்டிலேயே ஓரளவு உறுதிப்படுத்திக்கொள்ள முடியும் என்பதைப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அகேட் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குவார்ட்ஸ் இழைகளால் ஆன கல். கனிமங்களின் கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை குறிக்கும் மோ அளவில் ஆறரை முதல் ஏழு வரை நிற்கும். எனவே பேனாக்கத்தி அதைக் கீறாது. அது கண்ணாடிப் புட்டியைக் கீறும். இந்தச் சோதனையை மெருகேற்றிய முகத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். பின்பக்கத் தோலுக்கு அருகே, யாரும் பார்க்காத விளிம்பில் செய்யுங்கள். நான் முதல் முறை செய்தபோது கல்லின் மீது சாம்பல் நிறக் கோடு விழுந்ததைக் கண்டு பதறிவிட்டேன். அது கல்லில் விழுந்த கீறல் அன்று. கத்தியிலிருந்து தேய்ந்த இரும்பு. ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது. அடுத்தது எடைச் சோதனை. சமையலறை டிஜிட்டல் தராசில் கல் 640 கிராம் இருந்தது. பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதவாறு முழுவதும் மூழ்கத் தொங்கவிட்டேன். தராசு 246 காட்டியது; அது கல்லின் பருமனுக்குச் சமமான தண்ணீரின் எடை. 640ஐ 246ஆல் வகுத்தால் 2.60. அகேட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறக்குறைய அதுதான். கண்ணாடியும் இந்த எண்ணுக்கு அருகில் வரக்கூடும் என்பதால், இதை மட்டும் நம்பக்கூடாது. கைபேசி விளக்கை மெல்லிய விளிம்பின் பின்னால் பிடித்துப் பார்த்தால் அகேட் மெழுகு போல ஒளியைக் கசியவிடும். வரிகள் கல்லின் ஆழத்துக்குள் இறங்கிச் செல்வது தெரியும். வார்த்த கண்ணாடியில் உருண்டைக் குமிழிகளும், பாகு சுழன்றது போன்ற வளைவுகளும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் செலவழித்த பணத்தில் முழுமையாகப் பயன்பட்டது அந்தச் சில நூறு மட்டுமே.

சாம்பல் கிண்ணத்தின் கதை சிறியது. அதை அகேட் வகையான ஓனிக்ஸ் என்று சொல்லித்தான் பெரியப்பாவுக்கு யாரோ விற்றிருக்க வேண்டும். அதன் பளபளப்பான விளிம்பில் நான் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்து, மெருகு போய் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது. அது கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம், கடினத்தன்மை மூன்று, கத்தி வெண்ணெய் போல இறங்கும். சந்தையில் ஓனிக்ஸ் என்று விற்கும் பூச்சாடி, கிண்ணம், மேசை விளக்கு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். வரி இருப்பதெல்லாம் அகேட் அன்று. அமிலச் சோதனையையும் அடிப்பாகத்தில் செய்யுங்கள். என் கிண்ணத்தின் தழும்பு இன்றும் விருந்தினர் கண்ணில் படுகிறது.

நீல வில்லைதான் எனக்குச் சாயத்தைப் பற்றிக் கற்றுக்கொடுத்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், நிறம் வரவில்லை. அதனால் இயற்கை நிறம் என்று மகிழ்ந்தேன். அசிட்டோனுக்குக் கரையாத சாயங்கள் உண்டு என்பதை அப்போது நான் அறியவில்லை. லூப்பில் பார்த்தபோது நுண்ணிய வெடிப்புகளின் ஓரத்தில் நீலம் அடர்ந்து தேங்கியிருந்தது. சில வரிகள் நிறத்தைக் குடித்திருக்க, பக்கத்திலேயே அடர்த்தியான வெள்ளை வரிகள் துளியும் குடிக்காமல் வெள்ளையாகவே நின்றன. அகேட்டின் வரிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு நுண்துளைகள் கொண்டவை என்பதால்தான் அதற்குச் சாயமேற்றவே முடிகிறது. ஜெர்மனியின் ஈடார் ஓபர்ஸ்டைன் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து சாம்பல் நிற அகேட் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, அந்தக் கைவினைஞர்கள் இதை ஒரு ரசாயனக் கலையாகவே வளர்த்தார்கள். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் இட்டால், துளைகளில் இருக்கும் சர்க்கரை கரியாகிக் கல் கறுக்கும். இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சூடேற்றினால் சிவக்கும். சீராகக் கறுத்த ஓனிக்ஸ் என்று கடையில் இருப்பதெல்லாம் அநேகமாக இப்படி வந்ததே. சாயமேற்றியது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் பளீரென்ற நீலம், ரோஜா, ஊதா, கிளிப்பச்சை ஆகியவற்றில் வரும் வில்லைகளுக்கு இயற்கைக் கல்லின் விலையைக் கொடுக்காதீர்கள். கொடுத்து வாங்கியிருந்தால், அதே விலைக்கு விற்கலாம் என்று என்னைப் போலக் கணக்குப் போடாதீர்கள்.

இந்தச் சூடேற்றும் செய்தி வீட்டில் ஒரு விபத்தையும் உண்டாக்கியது. குஜராத்தின் கம்பாத் நகரில் ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்களைச் சூடாக்கிச் சிவப்பாக்குகிறார்கள், சூதுபவளம் என்று நாம் சொல்லும் கார்னீலியன் அப்படித்தான் நிறம் பெறுகிறது என்று நான் சாப்பிடும்போது சொன்னதைக் கேட்ட என் மகன், மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு முண்டுக் கல்லைக் காஸ் அடுப்பின் தணலில் வைத்திருக்கிறான். கல்லுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, துப்பாக்கி வெடித்தது போல வெடித்துச் சில்லுகள் சுவரில் தெறித்தன. கண்ணில் படாமல் போனது எங்கள் குலதெய்வத்தின் கருணை. கம்பாத்தில் கல்லை நீண்ட நாள் வெயிலில் உலர்த்தி, மண் சட்டியில் சாம்பலுக்குள் புதைத்து, எருமுட்டைத் தீயில் மெல்ல மெல்லச் சூடேற்றி, அதே போல மெல்ல ஆறவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பொறுமை அது. பதினோரு கற்கள் பத்தாகின.

அந்தப் பத்தில் மிகப் பெரியதைத்தான் வெட்டிப் பார்க்க முடிவு செய்தேன். திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலமாக இருப்பதால், தெரிந்த தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க வேலையெல்லாம் கடுகு சைசுக் கல்லுல. இது எங்க மிஷின்ல நிக்காது, தெரியாத வேலையைத் தொட்டுக் கெடுக்க வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அவருடைய நேர்மையை நான் அப்போது மதிக்கவில்லை. கிரானைட் அறுக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். தடித்த வட்டரம்பம், போதாத தண்ணீர், கல்லை இறுகப் பிடிக்கப் பிடிமானம் இல்லாமல் கையாலேயே தள்ளிய அழுத்தம். பாதி அறுக்கும்போதே கல் குறுக்கே விரிந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, நடுவில் வெட்டாமல் ஓரமாக வெட்டியிருந்தார்கள். வெங்காயத்தை நடுவில் அரிந்தால் வளையங்கள் நெருக்கமாகத் தெரியும். ஓரத்தில் சீவினால் அகலமான இரண்டு மூன்று வளையங்கள் மங்கலாகத் தெரியும் அல்லவா, அகேட்டும் அப்படித்தான். உடைந்த துண்டின் பக்கவாட்டில், சிவப்பும் பாலும் கலந்த மெல்லிய வரிகள் அடுக்கடுக்காக நின்றதைப் பார்த்தபோதுதான் எதை இழந்தேன் என்று புரிந்தது. அறுப்பதற்கும், உடைந்ததை ஒட்டித் தேய்ப்பதற்கும் சேர்த்து 3,700 ரூபாய் கொடுத்தேன். முண்டுக் கல்லாகவே விற்றிருந்தால்கூட ஏதேனும் வந்திருக்கும். ஒட்டிய கல்லைச் சேகரிப்பவர் எவரும் தொடமாட்டார். தோலில் தெரியும் சிறு திறப்புகளையும் வெடிப்புகளையும் முதலில் நனைத்துப் பார்த்து, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, மெல்லிய வைர ரம்பமும் தாராளக் குளிர்ச்சியும் உள்ள கல் வேலைக்காரரிடம் மட்டுமே இதைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைக்கும் வரை கல் சும்மா கிடக்கட்டும். புசாவல் கிடக்கும் தக்காணப் பீடபூமியின் எரிமலைக் குழம்பு பாய்ந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் காற்றுக் குமிழி விட்ட வெற்றிடங்களில் சிலிக்கா படிந்து படிந்து உருவானவை இந்தக் கற்கள். இன்னும் இரண்டு ஆண்டு காத்திருப்பதில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அவசரம் எனக்குத்தான் இருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இணையத்தில் நான் பார்த்த விலைகள். என் கல்லைப் போன்ற ஒன்றுக்கு ஒருவர் நான்காயிரம் டாலர் என்று போட்டிருந்தார். இன்னொருவர் பன்னிரண்டாயிரம் என்று போட்டிருந்தார். மகன் கணக்கிட்டுச் சொன்ன ரூபாய்த் தொகையை ஒரு சீட்டில் எழுதி, பூஜை அலமாரியில் வைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. எந்தக் கல்லுக்கும் யார் வேண்டுமானாலும் எந்த விலையையும் எழுதி ஆண்டுக்கணக்கில் தொங்கவிடலாம். ஏலத் தளங்களில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்த நாளில் என் பன்னிரண்டாயிரம் டாலர் கரைந்து, அதே அளவுள்ள ஊர் பேர் தெரியாத கற்கள் பத்து முதல் ஐம்பது டாலருக்குள் போயிருப்பதைக் கண்டேன். ஆனால் அந்த நாள் வருவதற்குள் நான் ஒருவரிடம் சிக்கியிருந்தேன்.

விற்பனைத் தளம் ஒன்றில் நான் போட்ட படத்தைப் பார்த்து அவர் அழைத்தார். நல்ல தமிழ், நிதானமான குரல், எடுத்ததும் "அம்மா, உங்க பெரியப்பா ஆத்மா சாந்தியடையணும்" என்றார். துபாயில் ஒரு சேகரிப்பாளர் இந்தக் கல்லுக்கு 18 லட்சம் தரத் தயார் என்றும், தமக்கு ஐந்து சதவீதம் போதும், அதையும் பணம் வந்த பிறகு தந்தால் போதும் என்றும் சொன்னார். முதலில் சர்வதேசச் சான்றிதழுக்கு என்று 14,500. இரண்டு வாரம் கழித்து ஏற்றுமதி அனுமதிக்கு 22,000. பிறகு காப்பீட்டுக்கு 9,000. ஒவ்வொரு முறையும் முத்திரையிட்ட ஒரு காகிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்றெல்லாம் நம் ஊரில் ஏமாந்தவர்களைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது, இவ்வளவு முட்டாளாகவா இருப்பார்கள் என்று சிரித்தவள் நான். என்னிடம் இருந்தது உண்மையான கல் என்பதாலேயே நான் வேறு வகை என்று நினைத்தேன். பொருள் உண்மையாக இருப்பதற்கும் வாங்குபவர் உண்மையாக இருப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான்காவதாகச் சுங்க வைப்புத் தொகை என்று 60,000 கேட்டபோது என்னிடம் பணம் இல்லாமல் போனதுதான் என்னைக் காப்பாற்றியது; அறிவு காப்பாற்றியது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கணவரிடம் சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தபோது, பணம் அனுப்பிய உடனே அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். புகார் பதிவாகியிருக்கிறது, பணம் வரவில்லை. வாங்குபவர் எவரும் விற்பவரிடம் முன்பணம் கேட்பதில்லை என்ற ஒற்றை வாக்கியத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவே இன்னொரு படுகுழியிலிருந்து தப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "கீழடியில அகேட் மணி கிடைச்சிருக்கே, இதுவும் அங்க கிடைச்சதுன்னு சொல்லுங்க, வெல ஏறும்" என்றார். கீழடியிலும், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலிலும் சூதுபவளம், அகேட் மணிகள் அகழாய்வில் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் எனக்கு விலை ஏறியிருக்காது, வழக்குத்தான் ஏறியிருக்கும். மனிதர் கைபட்டு உருவாகி நூறு ஆண்டு கடந்த பொருள், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும்; உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்ய முடியாது, தனியார் எவரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பவும் முடியாது. மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அதில் குறித்துள்ள வரம்பு வெறும் பத்து ரூபாய். இயற்கையாகக் கிடைத்த முண்டுக் கல் வேறு, துளையிட்ட பழைய மணி வேறு. வயலிலோ ஆற்றங்கரையிலோ பழைய மணி ஏதாவது கண்ணில் பட்டால், விலை விசாரிக்கத் தொடங்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மோசடி தெரிந்த பிறகு, வீம்புக்காகவே கல்லை ஒரு ரத்தினப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். கூரியரும் கட்டணமுமாக 4,300 ரூபாய். வந்த அறிக்கையில் இயற்கை அகேட் என்றும், சாயத்துக்கான அடையாளம் இல்லை என்றும், எடையும் அளவும் இருந்தன. விலை இல்லை, ஊரும் இல்லை. ஆய்வுக்கூடம் விலை சொல்லாது என்பதை அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம். கையால் தோலைத் தொட்டே அகேட் என்று சொல்லக்கூடிய ஒரு கல்லுக்கு, கல்லின் மதிப்புக்கு நெருக்கமான தொகையைச் சான்றிதழுக்குச் செலவிடுவதில் பொருளில்லை.

உண்மையான மதிப்பீடு புனேயில் வாழும் வயதான ஒரு கனிமச் சேகரிப்பாளரிடமிருந்து, ஒரு பைசா வாங்காமல், தொலைபேசி வழியாகக் கிடைத்தது. அவர் முதலில் என் படங்களையெல்லாம் தள்ளிவிட்டார். நான் கல்லை நனைத்து, விளக்கொளியில், நல்ல முகத்தை மட்டும் எடுத்திருந்தேன். உலர்ந்த கல்லைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்புறம், பின்புறம், விளிம்பு, எல்லா வெடிப்புகளும் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொன்னார். ஈரமும் எண்ணெயும் வெடிப்பை மறைத்து நிறத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், நனைந்த படத்தைக் கண்டாலே சேகரிப்பாளர்கள் விலகிவிடுவார்களாம். பிறகு அவர் பார்த்த வரிசையே எனக்குப் பாடமாக இருந்தது. முதலில் வரிகள் எத்தனை மெல்லியவை, ஒன்றோடொன்று கலங்காமல் கூர்மையாகப் பிரிகின்றனவா என்று பார்த்தார். அடுத்து நிறங்களின் எதிர்நிலை. சாம்பலும் வெள்ளையும் மட்டும் என்றால் சாதாரணம், சிவப்போ ஆரஞ்சோ இடையில் வந்தால் உயர்வு. தோலிலிருந்து நடுப்பகுதி வரை வடிவம் முழுமையாக மூடுகிறதா, அல்லது நடுவில் வெறும் குவார்ட்ஸ் படிகமும் பொந்துமாக முடிகிறதா என்று கேட்டார். மெருகில் குழிகளும் அலைகளும் உள்ளனவா என்று பார்த்தார். அளவைப் பற்றிக் கடைசியில்தான் பேசினார். கிலோக்கணக்கில் மங்கிய கல்லைவிட உள்ளங்கையளவில் கூர்மையான கல் மேல் என்றார். என் கல்லுக்கு வரியில் நல்ல மதிப்பெண், நிறத்தில் நல்ல மதிப்பெண், ஒரு விளிம்பில் நீளும் வெடிப்பால் குறை. எல்லாம் முடிந்தபின், "பேட்டி, கஹான் கா ஹை?" என்றார். எந்த ஊர்க் கல் அம்மா என்ற அந்தக் கேள்விக்கு, புசாவல் பக்கம் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. குவாரியின் பெயரும் ஆண்டும் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மடங்கு தந்திருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் பின்கட்டுத் தொட்டியை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்லுக்கு அவர் 4,500 தந்தார். வெட்டாத ஐந்து முண்டுக் கற்களை வேறொரு சேகரிப்பாளர் மொத்தமாக 1,700க்கு எடுத்துக்கொண்டார். ஆக வந்தது 6,200. போனது, தரகர் என்று சொன்னவரிடம் 45,500, அறுத்ததும் ஒட்டியதும் 3,700, ஆய்வுக்கூடம் 4,300, ஆகமொத்தம் 53,500. பதினான்கு மாதங்கள் தனி. பணம் அனுப்பும்போது நாலைந்து நாள் இழுத்தடிப்பார்களோ என்று நான் பயந்தேன். இருவரும் கல் கைக்கு வருவதற்கு முன்பே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டார்கள். உண்மையான வியாபாரம் எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது என்று வியப்பாக இருந்தது.

மீதமுள்ள கற்களை இப்போது விற்கும் எண்ணம் இல்லை. போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, பெரியப்பாவின் பழைய டைரிகள் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டேன். பணியிட மாற்ற உத்தரவுகளும் பயணப்படிக் கணக்குகளும் கொண்ட ஒரு கோப்பு கிடைத்தது. எந்தத் தேதியில் எந்தக் குவாரிக்குச் சென்றார் என்பது அதில் சில இடங்களில் இருக்கிறது. கல்லையும் தேதியையும் இணைக்க வழியில்லை என்றாலும், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கல்லையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு, பென்சிலால் சீட்டு எழுதினேன்: "அகேட். சாயமில்லை. வெட்டப்படவில்லை. புசாவல் சுற்றுவட்டாரக் குவாரி. குவாரி எது என்று உறுதியில்லை. பெரியப்பா சேகரித்தது." சாம்பல் கிண்ணத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் "கால்சைட். விளிம்பில் வினிகர்த் தழும்பு, நான் செய்தது" என்று எழுதியிருக்கிறேன்.